பத்தொன்பது நாள் தண்ணீர்

ஐந்து கிடங்குகளை இரண்டாக்க வேண்டும், எந்த இரண்டு என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது, அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான். அதை மறைப்பதற்கில்லை. காகிதமும் நோட்டுப் புத்தகமும் மொத்தமாக விற்கிற அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அடுத்தவர் போட்ட கணக்கைச் சரிபார்ப்பதுதான் வேலை. முதல் தடவையாக ஒன்று முழுசாக அவள் கைக்கு வந்திருக்கிறது. "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மூன்றாவது கிடங்கின் நினைப்பு வந்தது.

மூன்றாவதை எல்லாரும் ஆற்றங்கரைக் கிடங்கு என்பார்கள். அதன் பொறுப்பாளர் அவளுடைய அக்கா.

மேலாளரும் அதை மறந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா அங்க இருக்காங்கன்னு தெரியும். அவங்களுக்கு எங்க ஆனாலும் ஒரு நாற்காலி போட்டுடலாம், அதப் பத்தி யோசிக்காதீங்க. ஆனா முடிவாகிற வரைக்கும் விஷயம் வெளிய போகக் கூடாது. வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

ஒரு தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அக்காவுக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா போனபோது இவளுக்கு ஆறு வயது, அக்காவுக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அந்த வருஷமே அக்கா ஆற்றங்கரைக் கிடங்கில் காகிதக் கட்டுப் போடுகிற வேலைக்குப் போனாள். பதினோரு வருஷம் கழித்துப் பொறுப்பாளர் ஆனாள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரிகூட அங்கே அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி கொடுக்கும்போதே "என் தங்கச்சியும் கூட வருவா" என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதை யாராவது தியாகம் என்று ஆரம்பித்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்களையும் எனக்குப் புடிக்கல. நல்லவேளை, சொல்றதுக்கு ஒரு சாக்கா இவ இருந்தா" என்பாள்.

தையல்காரர் கடைக்கு மேலே இரண்டு அறை அவர்கள் வீடு. கீழே தையல் இயந்திரம் ஓடினால் மேலே தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். சின்னவள் படித்து, வேலைக்குப் போய், அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் மேஜை நாற்காலியோடு உட்கார்ந்த அன்று அக்கா தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தையல்காரருக்கு மட்டும் இரண்டு தடவை.

வேலை தொடங்கியது. இருநூற்றுப் பதினான்கு கடைகளையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றும் மாதத்துக்கு எவ்வளவு எடை வாங்குகிறது என்று பக்கத்தில் எழுதினாள். ஆலையிலிருந்து கிடங்குக்குச் சரக்கு வருகிற தூரம், கிடங்கிலிருந்து கடைக்குப் போகிற தூரம், வாடகை, காப்பீடு, காத்துக் கிடக்கும் லாரி, ஈரத்தில் கெட்டுப்போகும் காகிதம் எல்லாம் அதில் சேர வேண்டும். தூரம் குறைகிற இடத்தில் வாடகை ஏறும். வாடகை குறைகிற இடத்தில் பாதை மோசமாக இருக்கும். இரண்டும் கூடி எங்கே தாழ்ந்து வருகிறதோ அங்கேதான் கிடங்கு இருக்க வேண்டும். ஐந்து கிடங்குகளுக்கும் கடிதம் போயிற்று: மூன்று வருஷத்துப் பதிவுகளை அனுப்பவும்.

நாலு கிடங்குகளிலிருந்து வந்தவை உப்புச் சப்பில்லாத தாள்கள். பாதிக் கட்டம் காலி, மீதிக் கட்டத்தில் 'சுமார்', 'ஏறக்குறைய'. ஆற்றங்கரையிலிருந்து மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது. பாலம் குறுகல் என்பதால் பெரிய லாரியின் சரக்கைப் பாலத்துக்கு அப்பால் சின்ன லாரிக்கு மாற்ற எத்தனை ஆள், எத்தனை மணி நேரம். மழை பெய்து முற்றத்தில் தண்ணீர் ஏறிய நாட்கள், ஏறிய அளவு, அடிவரிசையில் ஈரம் பட்ட கட்டுகள். கடைசியில் சராசரி: வருஷத்துக்கு 19 நாள். எண்ணால் எழுதி, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதியிருந்தாள் அக்கா.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி அக்கா கேட்டாள்.

"ஏன்டி, எங்க கிடங்கப் பெருசாக்கப் போறாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டத அனுப்பிட்டல்ல, விடு."

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல, தண்ணி எத்தன நாள் நிக்குதுன்னு. இப்ப கேக்குறாங்கன்னா முற்றத்த ஒசத்திக் கட்டப் போறாங்கன்னுதானே அர்த்தம்?"

"அக்கா, சாப்பிடு."

"நீ சொல்ல மாட்ட. கம்பெனி ரகசியம்." அக்கா சிரித்தாள். "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஏதோ இருக்கு. இருக்கட்டும், இருக்கட்டும். நானும் யார்கிட்டயும் சொல்லல."

ஆனால் சொல்லியிருந்தாள். கிடங்கில் இருபத்தாறு பேர். அக்காவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது கல்லில் எழுதியது மாதிரி அவர்களுக்கு.

ஐந்தாவது வாரம் கணக்கு முடிந்தது. இரண்டில் ஒன்று எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. நெடுஞ்சாலைகள் சந்திக்கிற கூட்டுச்சாலை. ஏற்கெனவே அங்கே இருந்த சின்னக் கிடங்கைப் பெரிதாக்கினால் போதும், கடைகளில் பாதிக்கு அது நடுவில் விழுந்தது. இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டி. ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் கிடங்கும் ஆற்றங்கரையும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன. ஆலைக் கிடங்கு மயிரிழை முன்னால் இருந்தது. அந்த மயிரிழையை எது இழுக்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் நாட்கள்தான். அந்தப் பத்தொன்பது மட்டும் ஏழாக இருந்தால் ஆற்றங்கரை இரண்டாவதாக வந்துவிடும்.

அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேஜைமேல் இருந்தது. அவள் கட்டத்தில் இருந்த 19ஐ அழித்து 7 என்று அடித்தாள். ஆற்றங்கரை ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தது. யார் போய் மழை நாளை எண்ணப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து அறிக்கையை முடித்தாள்.

அறிக்கையைக் கொடுத்து இரண்டு வாரம் வரை ஒன்றும் இல்லை. எட்டாவது வாரத்தின் திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே மேலாளர் எதிரில் வந்தார்.

"பதினொரு மணிக்குக் கூட்டம். ஆற்றங்கரை, ஆலை ரெண்டு பொறுப்பாளரையும் சனிக்கிழமையே வரச் சொல்லிட்டேன். அவங்கவங்க எண்ண அவங்களே ஒரு தடவ பாத்துச் சரின்னு சொல்லிட்டா மேலிடத்துக்கு அனுப்பிடலாம்."

அக்கா காலையில் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல புடவையை எடுத்து வைத்திருந்தாள், எதற்கு என்று கேட்டதற்கு "சும்மா" என்றாள். தங்கைக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க நினைத்திருக்கிறாள். இவள் அலைபேசியில் நாலு தடவை கூப்பிட்டாள். பேருந்தில் ஏறினால் அக்கா அதைப் பையின் அடியில் போட்டுவிடுவாள், எடுக்க மாட்டாள்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா மாடிப்படி ஏறி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "உன் ஆபீச உள்ள வந்து பாத்ததே இல்லடி" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, தங்கையின் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். பக்கத்தில் மேலாளரின் உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல முடியாது.

"அக்கா, உள்ள எதுவும் பேசாத. கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு."

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அதிகம் படிக்காத அக்கா பெரியவர்கள் முன்னால் ஏதாவது உளறி மானத்தை வாங்கிவிடுவாள் என்று தங்கை பயப்படுவதாக எடுத்துக்கொண்டாள். அவள் அப்படி எடுத்துக்கொண்டது சின்னவளுக்கும் தெரிந்தது. திருத்த நேரமில்லை.

"சரி. வாயே தொறக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

நீள மேஜை. சுவரில் திரை. மேலாளர், அவருக்குப் பக்கத்தில் கணக்கதிகாரி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதிர்ப்பக்கம் ஆலைக் கிடங்குக்காரரும் அக்காவும். கிடங்குகளின் செலவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டிருக்கிறோம், உங்கள் எண்களைச் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் மேலாளர் ஆரம்பித்தார். எதை மூடுவது, எதை வைத்துக்கொள்வது என்கிற பேச்சே இல்லை.

ஆலைக் கிடங்குக்காரர் தலையை ஆட்டி முடித்தார். திரையில் ஆற்றங்கரை வந்தது. பூதக்கண்ணாடி எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்.

"ஆத்தோரக் கிடங்குல வருஷத்துக்கு ஏழு நாள்தான் தண்ணியா? எங்க தெருவுலயே அதுக்கு மேல நிக்குது."

ஆலைக்காரர் சிரித்தார். மேலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள், "ஆமா சார்" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பூதக்கண்ணாடிக்கு அது போதவில்லை. அவர் சின்னவள் பக்கம் திரும்பினார்.

"எங்கேந்து எடுத்தீங்க இத? ஒரு எண்ணு இப்படி இருந்தா மத்தத எப்படி நம்பறது? இவ்வளவு பெரிய வேலைய அனுபவம் இல்லாதவங்க கையில குடுக்க வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்."

சின்னவள் முகம் சிவந்து தலை குனிந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். தங்கையின் ஆறு வயதிலிருந்து அந்தத் தலை குனிவதைப் பார்க்கப் பொறுக்காதவள் அவள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

"சார், தப்பு என்னோடது. அது ஏழு இல்ல, பத்தொம்பது. என் எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். ஒண்ணு ஓரத்து மடிப்புல போயிருக்கும், ஒம்பது ஏழு மாதிரி தெரிஞ்சிருக்கும். இவங்க என்ன பண்ணுவாங்க பாவம், நான் எழுதுனதத்தானே போட முடியும். இவங்க கணக்குல எல்லாம் தப்பு வராது சார்."

"அப்ப ஏன் முதல்ல ஆமான்னீங்க?"

"சரியாப் பாக்கல சார். கண்ணாடி கொண்டு வரல."

மேலாளர் குனிந்து 7ஐ அழித்து 19 என்று அடித்தார். முடிவு மாறுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில், எதிரில் இருப்பவர்களை மறந்து அடுத்த பக்கத்தைத் தட்டினார். திரையில் இரண்டு தலைப்பு வந்தது. 'தொடர வேண்டியவை' என்பதன் கீழே கூட்டுச்சாலையும் ஆலையும் இருந்தன. 'மூட வேண்டியவை' என்பதன் கீழே முதல் பெயராக ஆற்றங்கரை.

அக்கா உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தாள். திரையில் இருந்ததை உதடு அசைய ஒரு தடவை வாசித்தாள். பிறகு மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தெரியாத ஊரில் வந்து இறங்கியவள் வழி கேட்க ஆள் தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

"சரிங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அக்கா இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள். மூன்றாவதும் போன பிறகு பேசினாள்.

"எழுத்தாலயும் எழுதியிருந்தேனே. பத்தொன்பதுன்னு."

"ஆமாக்கா."

"நீதான் மாத்தின."

"உன் கிடங்கக் காப்பாத்தத்தான் மாத்தினேன். உன்னக் காப்பாத்தத்தான்."

"எத்தன நாளாத் தெரியும், மூடப் போறாங்கன்னு?"

"ஏழு வாரமா. கையெழுத்து வாங்கிட்டாங்கக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

"ஏழு வாரம்." அக்கா விரல் விட்டு எண்ணுகிற மாதிரி கையைப் பார்த்துக்கொண்டாள். "ஏழு வாரமா எங்கூட உக்காந்து சாப்பிட்ட. பெருசாக்கப் போறாங்கன்னு நான் சொன்னப்ப கேட்டுக்கிட்டு இருந்த. எண்ண மாத்தத் தெரிஞ்ச உனக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியல."

"சொல்லியிருந்தா இன்னிக்கு உள்ள பேசாம இருந்திருப்பியா?"

"தெரியல. அது வேற. இருந்திருக்கலாம், இல்லாமயும் போயிருக்கலாம். ஆனா மேஸ்திரிகிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "போன மாசம் இரும்புக் கடையில மேஸ்திரியக் கூப்பிட்டாங்க. நல்ல வேல, வீட்டுக்குப் பக்கம். எங்கிட்ட வந்து கேட்டாரு, போகட்டுமாக்கான்னு. நான்தான் தடுத்தேன். நம்ம கிடங்கே பெருசாகப் போகுது, நீங்க இல்லாம யார வெச்சு ஆள் சேப்பேன்னு. அவரு வேண்டாம்னுட்டாரு. ரேடியோ அவ பொண்ணுக்கு வந்த வேலைய விட வெச்சா, இங்கயே சேத்துக்கலாம்னு. நான் சொன்னேன்னு. நான் சொன்னேன்னுதான்டி."

ரேடியோ என்பது கட்டுப் போடுகிற பிரிவில் அக்காவோடு ஒன்றாகச் சேர்ந்தவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

"நான் மேலாளர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்க்கா. உன் எழுத்துல தப்பு இல்ல, நான்தான் மாத்தினேன்னு."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் வேலையும் போகணுமா? நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அவள் சொல்லவில்லை. எவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டோம் என்பதுதான் பின்னால் அவளை வருஷக்கணக்காகக் குத்தியது. கூட்டத்தின் குறிப்பில் பூதக்கண்ணாடி எழுதினார்: 'ஆற்றங்கரைக் கிடங்கின் பதிவுகள் தெளிவாக இல்லை.' பொறுப்பாளராகப் பதினான்கு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதியவளைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வரி அதுதான்.

இருபத்தாறு பேருக்கும் அக்காவே சொன்னாள். மேலாளர் ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். இறக்குமேடையில் எல்லாரையும் உட்கார வைத்து, நின்றபடி சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று வீட்டில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சின்னவள் தெருமுனையில் மேஸ்திரியைப் பார்த்தாள். தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினார்.

"உங்க அக்கா தங்கச்சிக்காக எங்கள வித்துட்டாங்கன்னு நாலு பேரு பேசறாங்கம்மா. அறிக்க எழுதினது நீங்கதானாமே. நான் அப்படி நெனைக்கல. ஆனா எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்க முடியல. ஏன்னு கேட்டா சொல்லவும் தெரியல." சொல்லிவிட்டு சைக்கிளை மறுபடி தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டிக்கூடப் போகவில்லை.

கிடங்கை மூடுகிற அன்று இருப்பு சரிபார்த்துக் கையெழுத்துப் போட அலுவலகத்திலிருந்து ஒருவர் போக வேண்டும். அறிக்கை எழுதியவரே போகட்டும் என்று அவளை அனுப்பினார்கள். பாலத்தைத் தாண்டி நடந்து போனாள். சின்ன வயதில் பள்ளி விட்டால் வந்து அக்காவுக்காகக் காத்திருந்த முற்றம். கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. அடுக்குகள் காலி. சரக்கு இல்லாத கூரையின் கீழ் காலடிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஆட்கள் சுவரோரமாக வரிசையாக நின்றிருந்தார்கள். வாய் ஓயாத ரேடியோ வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அக்கா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"வாங்க மேடம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, ரெண்டு கையெழுத்து. சாவிய எண்ணி வாங்கிக்கிடுங்க."

எல்லார் முன்னாலும் மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அவள் நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். சாவிகளை எண்ணி வாங்கினாள், பதினொன்று. அக்கா ஒவ்வொருவரிடமும் போய் ஏதோ சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். மேஸ்திரி எல்லாரும் போகும்வரை இருந்து, கதவை இழுத்துச் சாத்தக் கை கொடுத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சோற்றை வடித்தாள். தட்டை வைத்தாள்.

"சாப்பிடறீங்களா?" என்றாள்.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று சின்னவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அக்கா, என்னக்கா இது?"

"சோறு ஆறிடும். சாப்பிடுங்க."

அதிலிருந்து 'டி' இல்லை, 'நீ' இல்லை. திட்டவில்லை, சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. தண்ணீர் வந்தால் சொன்னாள், தலைவலி என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எதெல்லாம் செய்வார்களோ அதெல்லாம் செய்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சின்னவள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அடிக்கா. அடிச்சுடு, திட்டு. இப்படிக் கூப்பிடாத." அக்கா குனிந்து அவள் கையைப் பிரித்தாள், மெதுவாக, வலிக்காமல். "எழுந்திருங்க. தரை ஜில்லுனு இருக்கு" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனாலும் 'ங்க'வை அவள் விடவில்லை. அவளுக்கே அதை விட முடியவில்லையோ என்னவோ.

கூட்டுச்சாலையில் அக்காவுக்கு நாற்காலி போடலாம் என்று மேலாளர் சொன்னபடியே கடிதம் வந்தது. அக்கா நேரே போய் அவரைப் பார்த்தாள். தனக்கு வேண்டாம், தன் சம்பளத்தில் எத்தனை ஆள் எடுக்கலாமோ அத்தனை பேரை எடுங்கள் என்று கேட்டாளாம். அப்படியெல்லாம் வழி இல்லை, நீங்கள் வந்தால் உங்களோடு ஐந்து பேரை எடுக்கலாம் என்றார். இருபத்தாறில் ஐந்து. யார் அந்த ஐந்து என்று அக்கா மூன்று நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். எழுதுவாள், கிழிப்பாள். சின்னவளுக்கு அருகில் போகத் தைரியம் வரவில்லை. வரைபடத்தில் புள்ளிகளை நகர்த்தித் தான் செய்த வேலையை அக்கா இப்போது ஆட்களை வைத்துச் செய்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மேஸ்திரியின் பெயரை முதலில் எழுதினாள். அவர் வர மறுத்துவிட்டார். இரும்புக் கடைக்கு மறுபடி போய்க் கேட்டார், அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அப்புறம் அவர் எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அக்கா ஒரு பெட்டியோடு கிளம்பினாள். ரேடியோவும், அக்காவின் பேச்சை நம்பி வந்த வேலையை விட்ட அவள் மகளும் ஐந்தில் இருந்தார்கள். அங்கே ஒரு வீடு பார்த்து மூன்று பேரும் ஒன்றாக இருப்பதாக ஏற்பாடு. "அரிசி பெரிய டப்பாவுல இருக்கு. வீட்டுச் சாவி இன்னொண்ணு கீழ தையல்காரர்கிட்ட குடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கணக்கு பொய்க்கவில்லை. அதுதான் கொடுமை. ஒரு வருஷத்துக்குள் சரக்குப் போகிற தூரம் குறைந்தது, காகிதம் கெடுவது அடியோடு நின்றது, லாரிகள் காத்துக் கிடக்கவில்லை. எந்த இடம் சரியென்று அந்த அறிக்கை சொன்னதோ அது சரியாகவே இருந்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். பூதக்கண்ணாடிகூடக் கை தட்டினார். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் பேருந்து ஏறிக் கூட்டுச்சாலைக்குப் போவாள். நாலு மணி நேரப் பயணம். அக்கா கதவைத் திறப்பாள், "வாங்க" என்பாள், சோறு போடுவாள். கூந்தலில் நரை கூடியிருந்தது. கைவிரல்களில் கட்டு நாடா அறுத்த கீறல்கள்; அங்கே ஆள் போதாததால் அவளும் கட்டுப் போடுகிறாள். ரேடியோ உள்ளே இருந்தபடி தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தவள், "யாரு இது, உங்க சொந்தமா? மூக்கு அப்படியே உங்கள மாதிரி" என்று கேட்டாள்.

அக்கா சர்க்கரையை அளந்துகொண்டே சொன்னாள். "ஆபீஸ்லேந்து வந்திருக்காங்க."

பக்கத்து வீட்டுக்காரி சின்னவளைப் பார்த்தாள்.

"ஆமாங்க. இருப்புக் கணக்கு பாக்க வந்தேன்" என்றாள் சின்னவள். அக்காவின் பொய்யை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி போனாள். அக்கா சர்க்கரை டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் முதுகைக் காட்டி அப்படியே நின்றாள். தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. சின்னவள் எழுந்து பக்கத்தில் போனாள். தொடலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதுங்க" என்றாள் அக்கா, திரும்பாமலே.

அன்று முதல் தடவையாக அக்காவும் கூடவே நடந்து வந்தாள். லாரிகள் போகிற பெரிய சாலையின் ஓரமாக, ஒருவர் பின்னால் ஒருவராக. சின்னவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்ப வெகு நேரம் ஆயிற்று. அக்கா போகவில்லை. வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு, பேருந்தின் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வண்டி நகர்ந்தபோது ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த மாதமும் சின்னவள் போனாள்.